750 வெள்ளி ரேக்கெட் 130 வெள்ளிக்கு வந்தால் வாங்கலாமா?

கேள்வி: செந்தூலில் நண்பர்களோடு வாரந்தோறும் பூப்பந்து ஆடுகிறேன். கடையில் 750 வெள்ளி (ரிங்கிட்) விற்கும் யோனெக்ஸ் ரேக்கெட்டின் ‘ஏ கிரேட்’ காப்பியை, பெயரும் அச்சு அசலாக இருக்க, ஒரு நண்பர் 130 வெள்ளிக்கு வரவழைத்துத் தருகிறார். எனக்கு ஒன்று, 12 வயது அக்காள் மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒன்று வாங்க ஆசை. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு இதனால் என்ன நஷ்டம்? பிடிக்காவிட்டால் விற்றும் விடலாம். மனைவிதான் வேண்டாம் என்கிறார்.
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: உங்கள் மனைவி சொல்வதே சரி. வாங்காதீர்கள்.

மலிவாக வாங்குவதில் தப்பே இல்லை. யாரோ ஒருவர் தன் பெயரைப் போட்டு, குறைந்த விலையில் நல்ல ரேக்கெட் செய்தால் தாராளமாக வாங்கலாம். இங்கே திருடுவது பெயரை. யோனெக்ஸை நிறுவிய மினோரு யோனெயாமா 1946-இல் ஜப்பானின் நீகாத்தாவில் மீன்வலைக்கு மர மிதவை செய்து தொழில் தொடங்கினார். பிளாஸ்டிக் மிதவை வந்ததும் அந்த வியாபாரம் படுத்தது. 1957-இல் ரேக்கெட் செய்ய ஆரம்பித்தபோதுகூட வேறு நிறுவனங்களுக்காக, அவர்கள் பெயரில்தான் செய்துகொடுத்தார். சொந்தப் பெயரில் ரேக்கெட் வந்தது 1961-இல். அப்படிச் சம்பாதித்த பெயர், கம்பெனி பெரிதாகிவிட்டது என்பதற்காகப் பொதுச் சொத்தாகிவிடாது.

அப்புறம், விற்றுவிடலாம் என்கிறீர்களே, அந்த நினைப்பை விட்டுவிடுங்கள். மலேசியாவின் 2019 வர்த்தக முத்திரைச் சட்டப்படி போலி முத்திரைப் பொருளை விற்பது குற்றம்.

எனக்கு அதிகம் உறுத்துவது அந்தப் பையன் விஷயம். மாமா கொடுத்தது அசல் என்று நம்பி நண்பர்களிடம் காட்டுவான். விவரம் தெரிந்த ஒருவன் கையில் வாங்கிப் பார்த்து, எல்லார் முன்னாலும் “இது கள்ளச் சாமான்” என்றால் அவன் முகம் எப்படிப் போகும்? உண்மையைச் சொல்லியே கொடுத்தாலும், விளையாடப் போகும் இடத்திலெல்லாம் அவன்தான் அதை மறைக்க வேண்டியிருக்கும். பரிசு என்று கொடுத்து அந்தப் பாரத்தை ஒரு பிள்ளைமேல் ஏற்றலாமா?

அதே 130 வெள்ளிக்கு ஆப்பாக்ஸ், ஃபெலட் போன்ற ரேக்கெட்டுகள் உண்டு. யோனெக்ஸிலேயே தொடக்க ஆட்டக்காரர்களுக்கான மலிவு ரகங்களும் உண்டு. பையனைக் கடைக்கு அழைத்துப் போங்கள், கையில் பிடித்து வீசிப் பார்த்து அவனே எடுக்கட்டும். ரேக்கெட்டின் ஸ்ட்ரிங்கை (நரம்பை) 20, 22 பவுண்டு இழுவிசைக்குமேல் இறுக்க வேண்டாம், இந்த வயதுக்கு அது போதும். நண்பரிடம் சும்மா மழுப்பாமல் காரணத்தைச் சொல்லியே மறுத்துவிடுங்கள். சட்டத்தில் மாட்டப்போவது அவர்தான், அது அவருக்குத் தெரியாமலே இருக்கலாம்.