ஐசோடோப் படிப்பு வேண்டும் என்கிறாள் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் ஐயா.

பி.எஸ்சி. வேதியியல் முடிக்கப்போகும் உங்கள் மகள், நிலத்தடி நீர் மாசை ஐசோடோப் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) வழியே ஆராயும் துறைக்குப் போக விரும்புவதாகவும், இதை நம்பி அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அனுப்பலாம். ஆனால் இந்தப் பெயரிலேயே ஒரு பட்டத்தைத் தேடாதீர்கள்.

அவரை ஈர்த்தது என்னவென்று உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆலையிலிருந்து மண்ணில் இறங்கிய பென்சீன் என்ற நச்சு வேதிப்பொருள், சில ஆண்டுகள் கழித்து அளந்தால் குறைந்திருக்கிறது. நீரில் பரவி நீர்த்துப்போனதா, பாக்டீரியாக்கள் சிதைத்தனவா? அளவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இயற்கையில் கார்பனில் ஏறக்குறைய 99 சதவீதம் கார்பன்-12, சுமார் 1.1 சதவீதம் கார்பன்-13. கார்பன்-12 இருக்கும் பிணைப்பு சற்றே எளிதாக உடைவதால், பாக்டீரியா சிதைக்கச் சிதைக்க எஞ்சிய பென்சீனில் கார்பன்-13இன் பங்கு ஏறுகிறது. வெறுமனே நீர்த்துப்போனால் அந்த விகிதம் மாறாது. ஜெர்மனியில் சைட்ஸ் நகரத்துப் பழைய ஆலை நிலத்தில் லைப்சிக் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுற்றுச்சூழல் ஆய்வு மையத்தினர் ஹைட்ரஜன் ஐசோடோப்பையும் சேர்த்து அளந்தார்கள். சிதைவு ஆக்சிஜனோடு நடக்கிறதா, இல்லாமல் நடக்கிறதா என்பதைக்கூட அப்படிப் பிரித்தறியலாம். மாசு நீரைப் பல ஆண்டுகள் இறைத்துச் சுத்திகரிக்க வேண்டுமா, இயற்கையிடம் விட்டுக் கண்காணித்தால் போதுமா என்ற முடிவுக்கு இது ஆதாரம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008இலேயே இதற்கு வழிகாட்டி வெளியிட்டுவிட்டது. உங்கள் மகள் கனவு காணவில்லை ஐயா, நல்ல அறிவியலைத்தான் பார்த்திருக்கிறார்.

இனி வேலை. நம் நாட்டில் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம், ரூர்க்கி தேசிய நீரியல் நிறுவனம் போன்ற இடங்களில் ஐசோடோப் ஆய்வு நடக்கிறது. அது பெரும்பாலும் நீரின் சொந்த ஐசோடோப்பை வைத்து அது எங்கிருந்து வந்தது என்பதையும் அதன் வயதையும் கண்டறியும் வேலை. மாசுப் பொருளையே தனித்தனியாக அளக்கும் கருவி விலை மிக்கது, ஆய்வகங்களும் குறைவு. அதனால் இதை மட்டும் நம்பிப் படிப்பது ஆபத்து.

என் யோசனை, பகுப்பாய்வு வேதியியல் வலுவாக உள்ள எம்.எஸ்சி. கலவையைத் தனித்தனியாகப் பிரிக்கும் வாயு குரோமட்டோகிராபியும், மூலக்கூறுகளை எடை பார்த்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும் அவர் கையில் பழக வேண்டும். மருந்து நிறுவனமோ உணவுப் பரிசோதனைக் கூடமோ, அந்தத் திறன் எங்கும் சோறு போடும். கூடவே யு.பி.எஸ்.சி.யின் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வுக்குத் தயாராகட்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் வேதியியல் முதுகலைப் பட்டதாரிகளுக்கும் விஞ்ஞானி 'பி' பணியிடம் உண்டு. ஐசோடோப் ஆய்வு பிஎச்.டி.யில் வரட்டும். அதற்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகையை வாங்கிவிட்டால் செலவுக்கு உங்களிடம் கைநீட்ட வேண்டியதில்லை. ஜெர்மனியிலும் பிஎச்.டி. பெரும்பாலும் சம்பளத்தோடுதான்.

எம்.எஸ்சி. விண்ணப்பம் போடுமுன் அந்தந்தத் துறைக்கு நேரில் போய், எந்தக் கருவி இயங்கும் நிலையில் இருக்கிறது, மாணவர்களைத் தொட விடுகிறார்களா என்று உங்கள் மகளே கேட்டு வரட்டும்.