புரோக்கர் இல்லை, சரி. அந்த 20 லட்சம் எதற்கு?

கேள்வி: திருச்சியில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 82,000 ரூபாய். மனைவி பள்ளி ஆசிரியை, 22,000 வாங்குகிறார். வாடகை 13,000. கே.கே. நகரில் ஒரு தனி வீட்டை உரிமையாளரிடமிருந்தே நேரடியாக வாங்கப் பேசியிருக்கிறோம். விலை 65 லட்சம். புரோக்கர் இல்லாததால் 2% கமிஷன், அதாவது 1,30,000 ரூபாய் மிச்சம். வழிகாட்டி மதிப்புப்படி 45 லட்சம்தான் வருகிறது, அதற்கே பத்திரம் போட்டுக்கொண்டு மீதி 20 லட்சத்தைக் கையில் தரச் சொல்கிறார் உரிமையாளர். அவர் என் மாமாவுக்கு நீண்ட நாள் பழக்கம். 'எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள், பத்திரச் செலவும் குறையும்' என்கிறார் மாமா. சேமிப்பு 16 லட்சம், அதில் 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். பற்றாததற்கு ஓர் ஆப்பில் 10 லட்சம் பெர்சனல் லோன் தயாராக இருக்கிறது. நகையை வைத்து 7 லட்சம் புரட்டலாம். சரியாக வருமா?

பதில்: வில்லங்கம் 30 வருடத்துக்குப் போட்டுப் பார்த்தது, மூலப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டியது, பட்டா பெயரைச் சரிபார்த்தது எல்லாவற்றையும் கடிதத்தில் விவரமாக எழுதியிருந்தீர்கள். அதனால் அதற்குள் போகவில்லை. ஆனால், பணத்தை எங்கெங்கே புரட்டுவது என்று இவ்வளவு யோசித்த நீங்கள், மாதாமாதம் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. கவலையாக இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டுவிடுவோம்.

மாமா சொல்கிற வழி. பத்திரம் 45 லட்சம் என்றால் வங்கி பார்ப்பதும் 45 லட்சத்தைத்தான். அதில் 80%, 36 லட்சம் கடன் கிடைக்கும். மீதி 9 லட்சம் உங்கள் கையிலிருந்து. முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9%, சுமார் 4 லட்சம். அப்புறம் அந்த ரொக்கம் 20 லட்சம். ஆக, நீங்கள் புரட்ட வேண்டியது 33 லட்சம். சேமிப்பு போக 17 லட்சம் கடன்.

மாதத் தவணை எவ்வளவு? வீட்டுக்கடனுக்கு 8.5% வட்டி, 20 வருடம் என்று வைத்தால் சுமார் 31,250. பெர்சனல் லோன் 14%, 5 வருடம் என்றால் 23,270. நகைக்கடனுக்கு 10% என்றால் வட்டி மட்டும் 5,800. மொத்தம் 60,000 தாண்டுகிறது. வருமானம் 1,04,000. நகைக்கடனின் அசல் 7 லட்சம் அப்படியே நிற்கும். ஒரு வருடத்தில் மீட்க வேண்டும், இல்லையென்றால் புதுப்பிக்க வேண்டும்.

இப்போது முழுத் தொகைக்கும் பத்திரம் போட்டுப் பாருங்கள். 65 லட்சத்தில் 80%, அதாவது 52 லட்சம் வரை வங்கி தரலாம். கையிலிருந்து 13 லட்சம். பத்திரச் செலவு 5,85,000. மொத்தம் 18,85,000. உங்கள் பற்றாக்குறை 3 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது! மாதத் தவணை சுமார் 45,000. பத்திரச் செலவில் 1,80,000 கூடப் போகிறது, உண்மைதான். ஆனால் அந்த பெர்சனல் லோனுக்கு மட்டும் ஐந்து வருடத்தில் கட்டும் வட்டி கிட்டத்தட்ட 4 லட்சம். வீட்டுக்கடன் 20 வருடம் ஓடுவதால் அதன் மொத்த வட்டி பெரிதாகத் தெரியும். சம்பளம் ஏற ஏற அசலில் கட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். மாறும் வட்டிக் கடன் என்றால் முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது.

நாளைக்கு இந்த வீட்டை விற்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் மாமா யோசிக்கவில்லை. பத்திரத்தில் வாங்கிய விலை 45 லட்சம். கையில் கொடுத்த 20 லட்சமும் உங்கள் லாபமாகக் கணக்காகும். இன்றைய விகிதமான 12.5% போட்டால் அதற்கு மட்டும் 2,50,000 வரி. இன்று மிச்சம் பிடித்த 1,80,000 அங்கே போய்விடும். அந்த உரிமையாளர் தப்பிக்கிற வரியை நீங்கள் கட்டப்போகிறீர்கள், அதுவும் கடன் வாங்கி. நிலத்தரகருக்குக் கொடுக்காமல் விட்ட 1,30,000-ஐப்போல இது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கமிஷன்.

'வழிகாட்டி மதிப்புக்குப் பதிவு செய்வது சட்டப்படி சரிதானே' என்று பலரும் கேட்கிறார்கள். சரியில்லை. வழிகாட்டி மதிப்பு என்பது அதற்குக் கீழே போகக்கூடாது என்று அரசு வைத்திருக்கும் அடிமட்டம். பத்திரத்தில் எழுத வேண்டியது நிஜமாகக் கைமாறும் விலை.

நீங்கள் அனுப்பிய அட்வான்ஸ் ரசீதின் நகலைப் பார்த்தேன். கோடு போட்ட நோட்டுத்தாள், ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு, அதன் மேல் கையெழுத்து. 'வீடு சம்பந்தமாக ரூ.2,00,000 ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்.' அவ்வளவுதான். எந்த வீடு? கதவு எண் இல்லை, சர்வே எண் இல்லை, மொத்த விலை இல்லை, எத்தனை மாதத்தில் கிரயம் என்று இல்லை. நாளை அவர் 70 லட்சம் என்றால் இந்தத் தாளை வைத்து நீங்கள் என்ன பேச முடியும்? நிலம், வீடு விஷயத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம் வரலாம் என்பதை அவருக்கும் சொல்லுங்கள். இரண்டு லட்சத்துக்கே இப்படியென்றால், பத்திரப்பதிவு அன்று காருக்குள் உட்கார்ந்து ஐந்நூறு ரூபாய் நோட்டில் நாற்பது கட்டு எண்ணிக் கொடுக்கிறீர்களே, அதற்கு ஒரு தாள்கூட இருக்காது.

ஆப்பில் 'தயாராக' இருக்கும் அந்த 10 லட்சத்தை மட்டும் தொட்டுவிடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் பணம் வந்துவிடும், ஆனால் உங்கள் கடன்களைக் காட்டும் சிபில் அறிக்கையில் ஏறும் அந்தத் தவணை, வங்கி உங்களுக்குத் தர நினைத்த வீட்டுக்கடனைத்தான் முதலில் குறைக்கும். மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. போட்டு வீட்டுக்கடன் வட்டி முழுவதையும் மீட்கும் திட்டம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கைச்சேமிப்பு முழுவதும் வீட்டுக்குள் போகப்போகிற நேரத்தில் அந்தப் பேச்சே வேண்டாம். ஆறு மாதச் செலவுக்கான பணம் முதலில் சேரட்டும்.

அடுத்த பேச்சுக்கு மாமாவையும் கூட்டிக்கொண்டே போங்கள். உரிமையாளருக்கு வரி பயம் என்றால் அதற்கு நேர்வழி இருக்கிறது. விற்ற லாபத்தில் இரண்டு வருடத்துக்குள் வேறொரு வீடு வாங்கலாம். ஆறு மாதத்துக்குள் மூலதன ஆதாயப் பத்திரங்களில் 50 லட்சம் வரை போடலாம். அவர் ஓர் ஆடிட்டரைப் பார்த்தால், கட்ட வேண்டிய வரி அவர் பயப்படுவதைவிடக் குறைவாக இருக்கலாம். அவருக்கும் தரகு மிச்சம்தானே, 63 லட்சத்துக்கு முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் உங்கள் பற்றாக்குறை சுமார் 2,27,000 ஆகிவிடும். நான்கு மாத அவகாசத்தோடு கிரய ஒப்பந்தம் எழுதி, கொடுத்த 2 லட்சத்தை அதில் குறிப்பிட்டு, பதிவும் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பற்றாததற்குச் சின்னதாக நகைக்கடன் போதும். விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் அவருக்குத் தரும் பணத்தில் 1% வரியை (டி.டி.எஸ்.) பிடித்து அவர் பான் எண்ணில் நீங்கள்தான் கட்ட வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

ரொக்கம் இல்லாமல் முடியாது என்று அவர் நின்றால், 2 லட்சத்தை வங்கிக் கணக்கில் திருப்பிப் போடச் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். மாமா இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். பரவாயில்லை, தீபாவளிக்குள் சரியாகிவிடும்.