ஆங்கிலிக்கன் ஆலயத்துக்கு முதல் தடவை

கேள்வி: படிப்புக்காக லண்டன் வந்திருக்கிறேன். கிறிஸ்தவன் அல்ல. பக்கத்துத் தெரு ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆலயத்தில் ஞாயிறு ஆராதனையைப் பார்க்க ஆசை. உள்ளே விடுவார்களா?

பதில்: தாராளமாகப் போங்கள், யாரும் மதம் கேட்க மாட்டார்கள். செருப்பைக் கழற்றவும் வேண்டாம். வாசலில் பாட்டுப் புத்தகமும் ஆராதனை முறைத் தாளும் தருவார்கள். அதில் தடித்த எழுத்தில் இருப்பது சபையார் சேர்ந்து சொல்வது. எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று குழப்பமா, பின்வரிசையில் உட்கார்ந்து முன்னால் இருப்பவரைப் பார்த்துச் செய்யுங்கள். நம்மூர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயம் பழக்கமென்றால் பாதி தெரிந்ததுபோலவே இருக்கும், 1947-ல் அதில் இணைந்தவர்களில் ஆங்கிலிக்கன்களும் உண்டே. நடுவில் திடீரென்று எல்லோரும் திரும்பிக் கைகுலுக்கி, சமாதானம் உண்டாகட்டும் என்று வாழ்த்துவார்கள், பதறாமல் கையை நீட்டுங்கள். நற்கருணை, அதாவது முன்னே போய் அப்பமும் திராட்சை ரசமும் பெறுவது, ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குத்தான், ஆனால் நீங்களும் முன்னே போய்க் கைகளை மார்பில் குறுக்காக வைத்தால் குருவானவர் ஆசீர்வதித்து அனுப்புவார், இடத்திலேயே இருந்தாலும் தப்பில்லை. காணிக்கை உங்கள் இஷ்டம். முடிந்ததும் பெரும்பாலும் டீ, பிஸ்கட் உண்டு, அப்போதுதான் யார் எவர் என்று விசாரிப்பார்கள்.

கூச்சமாக இருந்தால் முதலில் லண்டனின் புகழ்பெற்ற ஆலயமான வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் மாலை ஆராதனைக்குப் போங்கள். சுற்றிப் பார்க்கத்தான் அங்கே கட்டணம், ஆராதனைக்கு இல்லை. பாடுவதைப் பெரும்பாலும் பாடகர் குழுவே பார்த்துக்கொள்ளும்.