புடவை கேட்லாக் முதல் நகை விளம்பரம் வரை: புது மாடல்களின் கேள்விகள்

சென்னை, கோவை, திருப்பூர் பக்கம் மாடலிங் வேலையில் பெரும்பங்கு ராம்ப் (ஃபேஷன் ஷோ மேடை நடை) அல்ல. ஜவுளிக்கடை கேட்லாக், நகை விளம்பரம், ஆன்லைன் விற்பனைப் படங்கள்தான். வந்த கேள்விகளில் இவற்றுக்குப் போகிறவர்களுக்கு உதவக்கூடியவற்றை எடுத்திருக்கிறோம்.

கேள்வி: ஏஜென்சியில் 'டிஜிட்டல்ஸ்' (மேக்கப், எடிட்டிங் இல்லாத சாதாரணப் படங்கள்) கேட்கிறார்கள். 30,000 ரூபாய் செலவு செய்து போர்ட்ஃபோலியோ எடுத்து அனுப்பிவிடலாமா?

அனுப்பினாலும் மறுபடி டிஜிட்டல்ஸ்தான் கேட்பார்கள். போர்ட்ஃபோலியோவில் இருப்பது போட்டோகிராஃபர், மேக்கப் கலைஞர், எடிட்டர் மூவரும் சேர்ந்து செய்த வேலை. டிஜிட்டல்ஸில் தெரிய வேண்டியது நீங்கள் மட்டும். இதற்குச் செலவே இல்லை: ஒரு போன், ஒரு வெற்றுச் சுவர், எடுத்துத்தர ஒரு ஆள் போதும்.

நேர் வெயில் விழாத ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள். பின்னால் வெள்ளை அல்லது சாம்பல் சுவர். அதிலிருந்து இரண்டடி முன்னால் நின்றால் நிழல் சுவரில் விழாது. மேக்கப் கூடாது, நகை கூடாது. உடம்போடு ஒட்டிய கறுப்பு டாப், ஜீன்ஸ். முகம் நேராக, சிரித்தபடி, முக்கால் திருப்பத்தில், இரண்டு பக்கவாட்டிலும். பிறகு இடுப்பு வரை. பிறகு முழு உருவம் முன், பக்கம், பின். முடியை ஒரு தடவை விரித்தும் ஒரு தடவை பின்னால் இழுத்துக் கட்டியும் எடுக்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது போனை வைக்கும் இடத்தில். கைக்கெட்டும் தூரத்தில் செல்ஃபி எடுத்தால் மூக்கு பெரிதாகும், காது பின்வாங்கும், முகம் ஒடுங்கும். முகத்துக்கு 2 மீட்டர் தள்ளி நின்று 2எக்ஸ் லென்ஸில் எடுக்கச் சொல்லுங்கள். முழு உருவத்துக்கு 3, 4 மீட்டர் தள்ளி, போனை உங்கள் இடுப்பு உயரத்தில் பிடிக்க வேண்டும். எடுப்பவர் தன் கண் உயரத்தில் பிடித்தால் கால் குட்டையாகிவிடும். பியூட்டி மோட் பல போன்களில் தானாகவே ஆன் ஆகியிருக்கும், அணைத்துவிட்டு எடுங்கள்.

கூடவே உயரம், மார்பு, இடுப்பு, ஹிப், தோள்பட்டை, செருப்பு சைஸ், ரவிக்கை சைஸ் எழுதி அனுப்புங்கள். உயரத்தில் ஓர் அங்குலம் கூட்டி எழுதுகிற பழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. ஷூட் அன்று கவுன் தரையில் புரளும்போது அது வெளியே வந்துவிடும். ராம்ப் வேலைக்குப் பெண்களிடம் பொதுவாக 5 அடி 8 அங்குலத்துக்கு மேல் எதிர்பார்ப்பார்கள். புடவைக்கும் நகைக்கும் அந்தக் கறார் கிடையாது.

இன்னொன்று: நல்ல ஏஜென்சி நீங்கள் சம்பாதிப்பதில் கமிஷன் எடுக்கும். சேரும்போதே 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்று பணம் கேட்பவர்களுக்கு உங்கள் கட்டணம்தான் வருமானம்.

கேள்வி: ஷூட்டுக்கு முந்தின நாள் ஃபேஷியல் செய்துகொண்டால் முகம் பளிச்சென்று இருக்குமா?

சிவப்பாக இருக்கும். கரும்புள்ளி எடுத்த இடங்கள் வீங்கி, இரண்டு மூன்று நாளில் சின்னப் பருக்களாக எழும்பும். ஃபேஷியல் வேண்டுமென்றால் 7 முதல் 10 நாள் முன்பே, அதுவும் ஏற்கெனவே செய்து பழகியதை மட்டும். வாக்ஸிங் 2, 3 நாள் முன்பு. த்ரெடிங் 2 நாள் முன்பு. ரெட்டினால் க்ரீம் போடுகிறவர்கள் வாக்ஸிங்குக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் மெழுகோடு மேல்தோலும் உரிந்து வரும். புதிய சோப்பு, புதிய சீரம், தோழி சொன்ன பேக் எதையும் அந்த வாரத்தில் தொடாதீர்கள்.

பரு வந்துவிட்டால் கிள்ளாமல் விடுங்கள். முழுப் பருவை எடிட்டர் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார். கிள்ளிக் காய்ந்த பொருக்கின் மேல் ஃபவுண்டேஷன் திட்டுத்திட்டாக நிற்கும். அதைச் சரிசெய்வதுதான் கஷ்டம்.

முந்தின இரவு ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். உப்பு கூடினால் காலையில் கண்ணுக்குக் கீழே வீக்கம் தெரியும். பட்டினி கிடப்பதும் தண்ணீரைக் குறைப்பதும் அதைவிட மோசம். உதடு வெடிக்கும், விளக்குச் சூட்டில் மூன்றாவது மணி நேரத்தில் தலை சுற்றும். நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, பையில் இரண்டு வாழைப்பழத்தோடு போங்கள்.

எண்ணெய் வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் முந்தின நாள் மாலையே இரண்டு தடவை ஷாம்பு போட்டு அலசி, கண்டிஷனரை நுனியில் மட்டும் தடவி, முழுக்கக் காயவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருந்தால் சுருட்டிய முடி அரை மணி நேரத்தில் தொங்கிவிடும்.

பார்லருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் கவனிக்காத ஒன்று தடம். பிரா பட்டை, சாக்ஸ் எலாஸ்டிக், வாட்ச், பாவாடை நாடா எல்லாம் தோலில் பதியும். மறைய ஒன்று இரண்டு மணி நேரம் பிடிக்கும். முதுகு, இடுப்பு தெரியும் உடை என்றால் வீட்டிலிருந்தே தளர்ந்த உடையில் கிளம்புங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை, ஆனால் படத்தில் தெரியும் வித்தியாசம் ஃபேஷியலைவிட அதிகம்.

கேள்வி: முதல் புடவை கேட்லாக் ஷூட். ஒரே நாளில் நிறைய புடவை என்கிறார்கள். என்ன எடுத்துப்போக வேண்டும்?

நாளொன்றுக்கு முப்பது, நாற்பது புடவை வரை ஓடும் ஷூட்கள் உண்டு. அதில் வேகமாக மாற்றத் தெரிந்தவரையே திரும்பக் கூப்பிடுவார்கள்.

கடையே ரவிக்கை தந்தாலும் உங்கள் அளவுக்குத் தைத்த, பேட் வைத்த ரவிக்கை நான்கு கையில் இருக்கட்டும்: கறுப்பு, தங்கம், மெரூன், பீஜ். உள்ளே பிரிக்க வசதியாக ஓரம் விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். உள்ளாடை உங்கள் தோல் நிறத்திலேயே, தையல் துருத்தாததாக இருக்க வேண்டும். வெளிர் துணிக்கு வெள்ளை உள்ளாடை போட்டால் அதன் ஓரம் அப்படியே கோடாகத் தெரியும். மெல்லிய புடவைக்குத் துணிப் பாவாடையைவிட உடம்போடு ஒட்டிய ஷேப்வேர் பாவாடை நல்லது. நாடா முடிச்சு வயிற்றில் மேடாக நிற்காது.

ஊக்கு இரண்டு டஜன், சிறிதும் பெரிதுமாக. பட்டில் ஊக்கு இழுத்தால் இழை போகும், அந்தப் புடவை மறுநாள் விற்பனைக்குப் போக வேண்டியது. தோளில் முந்தானையைக் குத்தும்போது ஊக்கின் சுருள் முனையில் ஒரு மணியைக் கோத்துக்கொண்டால் இழை அதில் மாட்டாது. ரவிக்கையின் உள்பக்கமிருந்து குத்தினால் ஊக்கு கேமராவில் தெரியாது.

வரிசை முக்கியம். முதலில் ஹீல்ஸ், பிறகு புடவை. கட்டிய பின் செருப்பு போட்டால் கீழ் பார்டர் தரையைவிட்டு 2 அங்குலம் தூக்கிக்கொண்டு நிற்கும். மொத்தக் கொசுவத்தையும் பிரித்துக் கட்ட வேண்டிவரும். சென்ட், டியோடரண்ட் எல்லாம் துணி மேலே படாமல், உடுத்துவதற்கு முன்பே அடித்துக் காயவிடுங்கள். ஜரிகை கறுத்துவிட்டால் கடைக்காரர் முகமும் கறுக்கும். தலைவழியாக மாட்டும் உடை இடையில் வந்தால் முகத்தின் மேல் மெல்லிய ஷிஃபான் துணி ஒன்றைப் போட்டுக்கொண்டு மாட்டுங்கள். லிப்ஸ்டிக் கறை பட்ட குர்த்திதான் அந்த நாளின் பெரிய சண்டையாக இருக்கும்.

ஒவ்வொரு புடவைக்கும் பொதுவாக நாலைந்து படம்தான்: நேர், முந்தானை விரித்தது, பின்பக்கம், பக்கவாட்டு, இடுப்புக்கு மேல் ஒன்று. இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொண்டால் போட்டோகிராஃபர் சொல்லும் முன்பே அடுத்த நிலைக்குப் போய்விடலாம். விற்கப்போவது பார்டரும் முந்தானையும். கை அவற்றை மறைக்கக் கூடாது.

கேள்வி: எனக்கு நல்ல கறுப்பு நிறம். ஷூட்டில் மேக்கப் போட்டால் முகம் சாம்பல் பூத்த மாதிரி வருகிறது. தப்பு என் தோலிலா?

இல்லை. பெட்டியில் உங்கள் ஷேட் இல்லாமல், இருப்பதில் கருமையானதை எடுத்துப் பூசுகிறார்கள், அல்லது வேண்டுமென்றே இரண்டு ஷேட் வெளுப்பாகப் போடுகிறார்கள். இந்த ஊர் மேக்கப்பில் இன்னும் போகாத வியாதி இது. வெளிர் ஃபவுண்டேஷனில் வெள்ளை நிறமி அதிகம். கருந்தோலின் மேல் அது சாம்பலாகவே தெரியும். கழுத்தும் கையும் வேறு நிறத்தில் நிற்க, முகம் மட்டும் முகமூடியாகிவிடும்.

உங்கள் ஷேட் ஃபவுண்டேஷன் ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிடுங்கள். மணிக்கட்டில் பார்த்து வாங்கக் கூடாது. தாடையோரத்திலிருந்து கழுத்துக்கு ஒரு கோடு இழுத்து, கடைக்கு வெளியே வெளிச்சத்துக்கு வந்து, 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். காற்றுப் பட்டதும் நிறம் சற்று மாறும். கோடு தெரியாமல் கரைந்துவிட்டால் அதுதான் உங்களுடையது. பலருக்கு நெற்றியும் வாயைச் சுற்றியும் கன்னத்தைவிடக் கருமையாக இருக்கும், அதனால் இரண்டு ஷேட் தேவைப்படலாம்.

ஃப்ளாஷ் போட்டால் மட்டும் முகம் வெளுக்கிறது என்றால் காரணம் வேறு. சன்ஸ்க்ரீனில் உள்ள டைட்டானியம் டையாக்ஸைடு, ஜிங்க் ஆக்ஸைடு, 'ஹெச்டி' பவுடரில் உள்ள சிலிக்கா ஆகியவை ஒளியைத் திருப்பி அடிக்கும். ஸ்டுடியோ ஷூட் அன்று சன்ஸ்க்ரீனைத் தவிருங்கள். பவுடரை நெற்றி, மூக்கில் மட்டும் ஒற்றச் சொல்லுங்கள். நாற்காலியை விட்டு எழும் முன் போனில் ஃப்ளாஷோடு ஒரு படம், ஜன்னலோரம் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். முழங்கை, முட்டி, கணுக்காலில் மாய்ஸ்சரைசர் தடவ மறக்க வேண்டாம். வறண்ட தோல் வெள்ளையாகப் பூத்துத் தெரியும். "கொஞ்சம் டார்க்காகப் போடுங்க அக்கா, கழுத்தோடு ஒத்துப்போகணும்" என்று கேட்பதில் தவறே இல்லை.

கேள்வி: நகை விளம்பரத்துக்குக் கை மட்டும் எடுப்பார்களாம். அதற்கும் தயாரிப்பு உண்டா?

முகத்தைவிட அதிகம், ஏனென்றால் கேமரா ஒரு சாண் தூரத்தில் இருக்கும். பத்து நாள் முன்பிருந்து இரவில் நகக்கண்ணில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ஷூட் அன்று எண்ணெய், க்ரீம் எதுவும் கூடாது, நகையில் விரல்ரேகை பதிந்து ஒவ்வொரு படத்துக்கும் துடைக்க வேண்டிவரும். நகங்கள் பத்தும் ஒரே நீளம், ஒரே வடிவம். மருதாணி அழிய இரண்டு வாரம் வரை ஆகும் என்பதைக் கல்யாண வீட்டுக்குப் போகும் முன் நினைத்துக்கொள்ளுங்கள். நரம்பு புடைத்துத் தெரிந்தால் கையை ஒரு நிமிடம் தலைக்கு மேல் தூக்கி இறக்கியதும் எடுக்கச் சொல்லுங்கள். காதுத் துளை இழுபட்டிருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். கனமான ஜிமிக்கிக்கு மாட்டல் வைத்தோ பின்னால் டேப் ஒட்டியோ தாங்கவைப்பார்கள்.

கேள்வி: கேமரா முன் நின்றால் உடம்பு விறைத்துவிடுகிறது. கண்ணாடி முன் பழகினால் போதுமா?

கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும், அதனால் பாதிதான் உதவும். போனை ஸ்டாண்டில் வைத்து வீடியோ எடுத்துப் பாருங்கள். எடையைப் பின்காலில் போட்டால் முன்கால் தளர்ந்து இடுப்பு தானாக வளையும். முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிய இடைவெளி விடுங்கள். ஒட்டிவைத்தால் உடம்பும் கையும் ஒன்றாகி அகலமாகத் தெரியும். தாடையை முன்னால் தள்ளிச் சற்றே இறக்கினால் கழுத்து நீளும். தூக்கினால் மூக்குத்துவாரம்தான் தெரியும்.

ஸ்டுடியோ ஃப்ளாஷ் மறுபடி நிரம்ப ஒரு விநாடியாவது பிடிக்கலாம். வெளிச்சம் வந்ததும் ஒன்று எண்ணி, பிறகு சின்ன மாற்றம்: பார்வை, விரல், தோள். ஒவ்வொரு கிளிக்குக்கும் முழு போஸை மாற்றுவது புதியவர்களின் அடையாளம்.

கேள்வி: ஆண்களுக்கு? திருப்பூர் டி-ஷர்ட் ஷூட் ஒன்று வந்திருக்கிறது.

அவர்கள் வைத்திருக்கும் சாம்பிள் சைஸ் என்ன என்று கேளுங்கள். அது உங்களுக்குப் பொருந்தாவிட்டால் மற்றதெல்லாம் வீண். டிஜிட்டல்ஸில் இருந்த தாடியோடுதான் போக வேண்டும். மாற்றினால் சொல்லிவிட்டு மாற்றுங்கள். முழுச் சவரம் என்றால் அவசரமாகக் கிளம்பும் காலையில் புது பிளேடு வேண்டாம், கழுத்தில் சிவப்புப் புள்ளி வரும். கறுப்பு டி-ஷர்ட்டில் டியோடரண்ட் வெள்ளைக்கோடு விழும், காய்ந்த பிறகே மாட்டுங்கள். வேட்டி ஷூட் என்றால் உள்ளே தோல் நிற ஷார்ட்ஸ்.

கேள்வி: ஒரு போட்டோகிராஃபர் 'டிஎஃப்பி' முறையில் எடுக்கலாம் என்கிறார். படங்கள் யாருக்குச் சொந்தம்?

டிஎஃப்பி என்றால் இரண்டு பக்கமும் பணம் இல்லை; அவருக்கு உங்கள் நேரம், உங்களுக்குப் படங்கள். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, படைப்பை உருவாக்கியவரே முதல் உரிமையாளர். ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவருக்கு. ஆக டிஎஃப்பி-யில் பொதுவாகப் போட்டோகிராஃபரிடமும், கடை ஷூட்டில் கடையிடமும் இருக்கும். படத்தில் இருக்கிறீர்கள் என்பதாலேயே அது உங்களுடையது ஆகாது.

அதனால் உங்களுக்கு வேண்டியதை முன்பே எழுதி வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் ஒரு பத்தியாவது: எடிட் செய்த படம் எத்தனை, எத்தனை நாளில், உங்கள் போர்ட்ஃபோலியோவில் போடலாமா, அவர் மூன்றாம் ஆளுக்கு விற்கலாமா. சம்பள வேலையில் கேட்க வேண்டியது எங்கே, எவ்வளவு காலம் என்பது. இணையதளத்துக்கு என்று ஒரு நாள் சம்பளம் வாங்கிய படம் ஆறு மாதம் கழித்து அண்ணா சாலையில் ஹோர்டிங்காக நிற்கக் கூடாது. ஹோர்டிங்குக்கும் டிவிக்கும் கட்டணம் தனி.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் வந்த ஒருவர் 'டெஸ்ட் ஷூட்'டுக்கு ஹோட்டல் அறைக்கு வரச் சொல்கிறார். போகலாமா?

போகாதீர்கள். டெஸ்ட் ஷூட் என்றால் ஸ்டுடியோ முகவரி, நேரம், யார் யார் இருப்பார்கள், என்ன உடை என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். அவரோடு வேலை செய்த இரண்டு மாடல்களிடம் நீங்களே பேசிப்பாருங்கள். முதல் ஷூட்டுக்கு அம்மாவோ அண்ணனோ கூட வருவதை மறுக்கும் இடம் வேண்டவே வேண்டாம். உடை மாற்றும் இடத்தில் தாழ்ப்பாள் இருக்கிறதா, யாருடைய போனாவது சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். புடவை, நகை வேலைக்கு உள்ளாடைப் படம் கேட்க எந்தக் காரணமும் இல்லை. 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் கையெழுத்தில்லாமல் எதுவும் நடக்கக் கூடாது.

பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் கைமாறுவதைத் தடுக்க வழியுண்டு. படத்தை வைத்து மிரட்டினால் உரையாடலை அழிக்காமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.