அந்த உளிகள் எங்கே?

வணக்கம் ஐயா,

குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் தச்சராக இருந்த என் அப்பா, நான்கு மாதங்களுக்கு முன் 91 வயதில் காலமானார். முதலாண்டு நினைவு நாளுக்கு ஒரு மலர் போடுகிறோம். நான் எழுதியதை இணைத்திருக்கிறேன். அவர் வாழ்வில் சொல்லும்படியான சம்பவங்கள் இல்லை, எப்படி விரிவாக்குவது? பிறந்த மாவட்டத்தை வட ஆர்க்காடு என்று போடுவதா, வேலூர் என்றா? அட்டையில் எந்தப் படம் போடலாம்? போன வாரம் பட்டறையை ஒழித்து பைக் நிறுத்த இடம் செய்தோம். உளி, வாய்ச்சி எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. அம்மாவுக்கு 84 வயது. அவருக்குத் தொழில் விவரம் ஒன்றும் தெரியாது.

த.

அன்புள்ள த.,

இரண்டு வாரமாக என் தாத்தாவின் முழக்கோலை மேசைமேல் வைத்துக்கொண்டு, அவரைப் பற்றி எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன். உங்கள் கடிதம் அப்போது வந்தது. அப்பா போன வீட்டின் வெறுமை எனக்குத் தெரியும். இருந்தும் உங்கள்மேல் எனக்குக் கோபம், அதை மறைக்கப் போவதில்லை.

மாவட்டப் பெயர் எதுவாகவும் இருக்கட்டும். 1989-இல் வட ஆர்க்காட்டைப் பிரித்தார்கள், 2019-இல் வேலூரைப் பிரித்தார்கள். உங்கள் அப்பாவின் பட்டறை இருந்த இடத்தில்தான் இருந்தது. அட்டைப் படத்தை வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியதைப் படித்தேன். ‘பாசமிகு தந்தை’, ‘எளிமையின் சிகரம்’, ‘உழைப்பால் உயர்ந்தவர்’. இவற்றுக்கு மேல் எவருடைய படத்தை ஒட்டினாலும் பொருந்தும். என்ன உழைப்பு? யாரிடம் தொழில் கற்றார்? முதலில் செய்த வண்டி யாருடையது? ஒரு வரிகூட இல்லை. 91 ஆண்டு வாழ்ந்த மனிதரிடம் சம்பவமே இல்லை என்று எழுத எப்படி மனம் வந்தது உங்களுக்கு?

என் தாத்தா வண்டி ஆசாரி. பள்ளிகொண்டாவுக்கு அருகே பாலாற்றங்கரையில் ஊர். பொய்கைச் செவ்வாய்ச் சந்தையில் மாடு பிடித்தவர்கள் அடுத்து வந்து நிற்பது அவர் பட்டறையில்தான். கருவேலங்கட்டைகளை ஏரியில் ஊறப்போட்டு எடுத்து, மாதக்கணக்கில் நிழலில் உலரவிடுவார். ஒரு சக்கரத்துக்கு நடுவில் குடம் ஒன்று, சுற்று விளிம்புக்கு வட்டை 6, இரண்டையும் இணைக்க ஆரக்கால் 12. வட்டைக்கு இரண்டு ஆரக்கால். குடத்தில் 12 துளைகளும் ஒரே இடைவெளியில் விழ வேண்டும். ஒன்று பிசகினாலும், பாரத்தோடு ஆற்று மணலில் இறங்கும்போது சக்கரம் காட்டிக்கொடுத்துவிடும். அளக்க அவரிடம் இருந்தவை ஒரு முழக்கோலும் வட்டம் போடும் கவராயம் ஒன்றும்தான்.

சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டா கட்டுவதைக் கத்திரி வெயிலுக்கென்றே ஒதுக்கிவைப்பார். மரம் சுருங்கும் மட்டும் சுருங்கியிருக்க வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் பின்னால் மரம் உலர்ந்து பட்டா கழன்றுவிடும். சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாகவே கொல்லர் பட்டாவை வளைத்து ஒட்டியிருப்பார். சுற்றிலும் வரட்டி அடுக்கிக் கொளுத்துவார்கள். இரும்பு சிவந்து விரிந்ததும் நான்கு பேர் குறட்டால் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்குவார்கள். மரம் பற்றிக்கொள்ளும். தாத்தா கை காட்டியதும் பிள்ளைகள் நாங்கள் வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டுவோம். புகைக்குள்ளிருந்து நறநறவென்று சத்தம் வரும். இரும்பு இறுகி, ஆரக்கால்களைக் குடத்துக்குள் நெருக்குகிற சத்தம். தாத்தா காதைச் சாய்த்துக் கேட்டபடி குனிந்தே இருப்பார். சத்தம் ஓய்ந்த பிறகுதான் நிமிர்வார்.

குடத்தில் துளையிடும்போது துரப்பணத்தை அவர் அழுத்திப் பிடிக்க, கயிற்றை மாற்றி மாற்றி இழுத்தவர் என் பாட்டி. இழுப்பு சீராக இல்லாவிட்டால் துளை விலகிவிடும். வீட்டுக்குள் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஆனால் தாத்தாவுக்கு மூச்சு வாங்கினால், அவர் சொல்லாமலே பாட்டியின் கை மெதுவாகிவிடும். ‘நல்ல குடும்பத் தலைவர்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைப் படிக்கும்போது எனக்கு அந்தக் கயிறுதான் நினைவுக்கு வருகிறது.

அதனால்தான் ‘அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது’ என்ற வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. கேட்டுப் பார்த்தீர்களா? அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தச்சர் வீட்டில் இழைப்புச் சுருளை அள்ளி அடுப்பெரித்தவர் அவர். எந்த மரம் எப்படி எரியும், எது எப்படி மணக்கும் என்பதிலிருந்து தொடங்குங்கள். எந்த வேலைக்குக் கூலி வராமல் போயிற்று, எந்த வருஷம் நகை அடகுக்குப் போயிற்று என்பதெல்லாம் தானாக வரும். உங்கள் மலர் அவரிடம் இருக்கிறது, த.

டயர் வண்டியும் டிராக்டரும் வந்த பிறகு தாத்தா வாசல் நிலை, கதவு வேலைக்கு மாறினார். உங்கள் அப்பாவும் மாறியிருப்பார். ஊருக்குள் எத்தனை வாசலில் அவர் செய்த நிலை நிற்கிறது என்று நடந்துபோய் எண்ணுங்கள். நிலை வைத்த அன்று அவருக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தவர்களில் யாராவது இருப்பார்கள். அவர்களைப் பேசவிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இனி அந்த உளிகள். தச்சர் தம் உளிக்குத் தாமே பிடி போட்டுக்கொள்வார், தம் கைக்கு ஏற்றபடி. இழைப்புளிக் கட்டையில் அவர் உள்ளங்கை தேய்ந்த பள்ளம் இருந்திருக்கும். நீங்கள் அதைத் தொட்டுப் பார்த்தீர்களா? தராசில் ஏற்றும்போது உங்களில் ஒருவருக்குக்கூடக் கை நடுங்கவில்லையா?

ஒரு வாரம்தான் ஆகிறது. இரும்புக் கடைக்காரர்கள் சரக்கைச் சேர்த்துவைத்துத்தான் லாரி ஏற்றுவார்கள். இதைப் படித்ததும் கிளம்புங்கள். குவியலில் உங்கள் அப்பாவின் உளி எது என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு ஆட்டோ பிடித்து அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள்.