சுவிஸில் இருக்கும் கணவரிடம் போகிறேன்: ஜேர்மனியின் வேலையில்லாக் காசு கிடைக்குமா?

கேள்வி: எனக்கு 29 வயது. டோர்ட்முண்டில் பிறந்து வளர்ந்தவள், ஜேர்மன் கடவுச்சீட்டு. ஐந்து வருடமாக ஒரு முதியோர் இல்லத்தின் கணக்குப் பிரிவில் முழுநேர வேலை. சென்ற ஆண்டு ஹம் அம்மன் கோயிலில் கல்யாணம் நடந்தது. கணவர் சூரிச்சில் வேலை செய்கிறார். செப்டெம்பர் 30 உடன் வேலையை விட்டு அவரிடம் போக இருக்கிறேன். ஒக்ரோபர் 2 அன்று சாமான் ஏற்ற வாகனமும் சொல்லியாயிற்று. "நீயே வேலையை விட்டால் மூன்று மாதம் காசு இல்லை, நாடு மாறினால் ஒன்றுமே இல்லை" என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். முதலாளியோ, ஆகஸ்ட் முடிவிலேயே போவதென்றால் ஒப்பந்தம் எழுதி 3,000 யூரோ தருகிறேன் என்கிறார். "என் சம்பளம் போதும், அந்தக் கந்தோருக்கு அலையாதே" என்கிறார் கணவர். எனக்கு உண்மையில் உரிமை இருக்கிறதா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உரிமை இருக்கிறது. ஆனால் நீங்கள் போட்டு வைத்திருக்கும் திட்டப்படி ஒக்ரோபர் 2 அன்று வாகனத்தோடு நீங்களும் ஏறினால் அந்த உரிமை கையை விட்டுப் போகும். உங்கள் விடயத்தில் எதை முதலில் செய்கிறீர்கள், எதைக் கடைசியில் செய்கிறீர்கள் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். வீடு மாறுவது கடைசியாக இருக்கட்டும்.

முதலில் உங்கள் கணவர் சொன்னதைப் பற்றி. இது அரசாங்கம் இரக்கப்பட்டுக் கொடுக்கும் உதவிப் பணம் அல்ல. உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். வேலையின்மைக் காப்புறுதிக்கு மொத்தச் சம்பளத்தில் 2.6 வீதம் போகிறது, அதில் பாதியை ஒவ்வொரு மாதமும் நீங்களே கட்டியிருக்கிறீர்கள். ஐந்து வருடம் கட்டிய காப்புறுதியைக் கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கணவரின் சம்பளம் எவ்வளவு என்பதை இந்தப் பணத்துக்கு யாரும் பார்ப்பதும் இல்லை. கல்யாணத்துக்காக ஊர் மாறும் எங்கள் பெண்கள் பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுவது எனக்கு மெத்த வருத்தம்.

இனி "நீயே விட்டால் மூன்று மாதம் இல்லை" என்ற பேச்சு. அது பாதி உண்மை. தக்க காரணம் இல்லாமல் தானாக வேலையை விட்டவருக்கு 12 வாரத் தடைக்காலம் விழும். ஜேர்மன் சமூகச் சட்டக்கோவை மூன்றாம் நூலின் 159ஆம் பிரிவு அது. எங்கள் ஆட்கள் வாயில் ஸ்பெர்சைற். அந்த 12 வாரம் காசு வராதது மட்டுமல்ல, உங்களுக்குரிய மொத்தக் காலத்தில் நான்கில் ஒரு பங்கும் வெட்டுப்படும். உங்கள் வயதுக்கும் கட்டிய காலத்துக்கும் 12 மாதம் உரித்து. அதில் மூன்று மாதம் அப்படியே போய்விடும். உங்களைப் போல வெளிநாடு போகிறவருக்கு இது இன்னும் மோசம். ஏன் என்று கீழே வரும்.

ஆனால் அதே பிரிவு "முக்கிய காரணம்" இருந்தால் தடைக்காலம் இல்லை என்கிறது. கணவனோடோ மனைவியோடோ ஒரே வீட்டில் வாழ்வதற்காக இடம் மாறுவது அப்படியான காரணம் என்பதைக் கூட்டாட்சிச் சமூக நீதிமன்றம் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. மூன்று விடயங்களைப் பார்ப்பார்கள். புதிய வீட்டிலிருந்து பழைய வேலைக்குத் தினமும் போய்வர முடியாமல் இருக்க வேண்டும். முழுநேர வேலைக்கு, போக வர இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் என்றால் அது நியாயமான தூரம் அல்ல என்பது சட்டத்தின் கணக்கு. சூரிச்சிலிருந்து டோர்ட்முண்டுக்கு அந்தக் கேள்வியே எழாது. அடுத்து, தேவைக்கு முன்பே வேலையை விட்டிருக்கக் கூடாது. மூன்றாவது, விடுவதற்கு முன்பே புதிய இடத்தில் வேலை தேடியிருக்க வேண்டும். ஆகவே இன்றிலிருந்தே சூரிச் பக்கம் விண்ணப்பம் போடத் தொடங்குங்கள். அனுப்பிய மின்னஞ்சல், வந்த மறுப்புக் கடிதம் ஒன்றையும் அழிக்க வேண்டாம்.

இங்கே உங்களிடம் ஒரு கேள்வி. கோயிலில் தாலி கட்டியது சரி, பதிவு முடிந்ததா? ஸ்ராண்டெஸ்அம்ற் எனப்படும் பதிவகத்திலோ, சுவிஸ் பதிவகத்திலோ எழுதாத திருமணம் காசு தரும் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் கண்ணில் திருமணமே அல்ல. ஐயர் வைத்து ஐந்நூறு பேர் சாப்பிட்ட கல்யாணமாக இருந்தாலும் அப்படித்தான். பதிவு இல்லை என்றால் வேலையை விடும் நாளுக்கு முன் அதை முடித்துவிடுங்கள். பதிவு செய்யாத துணையோடு சேர்ந்து வாழப் போகிறவருக்கும் சில சூழலில் நீதிமன்றம் இடம் கொடுத்திருக்கிறது. ஆனாலும் அந்தப் பாதை நீளமானது, உங்களுக்கு அது தேவையில்லை.

முதலாளி நீட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். ஆகஸ்டிலேயே போனால், கணவரிடம் போவதற்குத் தேவையானதை விட ஒரு மாதம் முந்தி வேலையை விட்டதாகும், உங்கள் முக்கிய காரணம் அந்த மாதத்தைத் தாங்காது. முன்னறிவித்தல் காலத்தைக் குறுக்கி நட்டஈடும் வாங்கினால், வேலையில்லாக் காசை அதற்காகத் தனியாக நிறுத்தி வைக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 3,000 யூரோவுக்கு அது கட்டாது. உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவித்தல் காலத்தைக் கணக்குப் பார்த்து, செப்டெம்பர் 30க்கு நீங்களே ராஜினாமாக் கடிதம் கொடுங்கள்.

இனித்தான் ஆர்பைற்ஸ்அம்ற் எனப்படும் அந்த வேலைவாய்ப்பு அலுவலகத்தில் செய்ய வேண்டிய வேலை. அங்கே இரண்டு பதிவு இருக்கிறது, இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பலர் மாட்டுப்படுகிறார்கள். ஒன்று, "வேலை தேடுகிறேன்" என்ற பதிவு. வேலை முடிய மூன்று மாதத்துக்கு முன், அதாவது உங்களுக்கு ஜூன் 30க்குள். மூன்று மாதத்துக்குக் குறைவாக இருக்கும்போதுதான் முடிவு தெரிய வந்தது என்றால் தெரிந்த மூன்று நாளுக்குள். பிந்தினால் ஒரு வாரத் தடைக்காலம். மற்றது, "வேலையற்றவள்" என்ற பதிவு. அது வேலையில்லாத முதல் நாளான ஒக்ரோபர் 1க்குச் செல்லுபடியாக வேண்டும். நேரில் போகலாம், அடையாள அட்டையின் மின்னணு வசதி இயங்குகிறதென்றால் இணையத்திலும் செய்யலாம்.

வேலையை விட்ட காரணத்தைக் கேட்டு ஒரு கேள்வித்தாள் தருவார்கள். அதில் "சொந்தக் காரணம்" என்று இரண்டு சொல்லில் எழுதி அனுப்பித்தான் அநேகர் தடைக்காலத்தை வாங்கிக்கொள்கிறார்கள். இப்படி எழுதுங்கள்: "என் கணவர் சூரிச்சில் நிரந்தர வேலையில் இருக்கிறார். எங்கள் குடும்ப வீட்டை அங்கே அமைக்கிறோம். அங்கிருந்து டோர்ட்முண்டுக்குத் தினமும் போய்வர முடியாது. இன்ன திகதியிலிருந்து அங்கே வேலை தேடி வருகிறேன், விண்ணப்பங்களின் பிரதி இணைத்திருக்கிறேன்." திருமணப் பதிவுச் சான்றிதழ், கணவரின் வேலை ஒப்பந்தம், வீட்டு வாடகை ஒப்பந்தம் மூன்றின் பிரதியும் கூடவே போகட்டும்.

அடுத்தது "நாடு மாறினால் ஒன்றுமே இல்லை" என்பது. பொதுவாக, ஜேர்மனியில் வசித்தால்தான் ஜேர்மன் வேலையில்லாக் காசு. அதற்கு விலக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 883/2004 ஒழுங்குவிதி, 64ஆம் உறுப்புரை. வேலை தேடுவதற்காக இன்னொரு உறுப்பு நாட்டுக்குப் போகிறவர் தன் காசையும் கூடக் கொண்டுபோகலாம் என்கிறது அது. சுவிஸ் ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும், உடன்படிக்கை மூலம் 2012 ஏப்ரல் 1 முதல் இதே விதி அங்கேயும் நடைமுறையில் இருக்கிறது.

நிபந்தனை இதுதான்: வேலையற்றவராகப் பதிந்த பின் குறைந்தது நான்கு வாரம் ஜேர்மன் அலுவலகம் கூப்பிட்டால் போகக்கூடிய நிலையில் இங்கே இருக்க வேண்டும். ஒக்ரோபர் 1இலிருந்து எண்ணினால், மாத முடிவுக்குச் சற்று முன்பு வரை நீங்கள் டோர்ட்முண்டில். சாமான் 2ஆம் திகதி போகட்டும், கணவர் வந்து ஏற்றிக்கொண்டு போகட்டும். நீங்கள் அம்மா வீட்டில் நின்று, அலுவலகம் அனுப்பும் வேலைகளுக்கு விண்ணப்பித்து, கடிதப் பெட்டியைத் தினமும் பாருங்கள். இடையில் சூரிச் போய் நிற்பதென்றால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். நகரசபையில் முகவரியை வெட்டுவதும் உண்மையில் புறப்படும்போதுதான். நான்கு வாரத்துக்கு முன்பே போக அலுவலகம் அனுமதி கொடுக்கவும் அதே உறுப்புரை இடம் வைத்திருக்கிறது. கணவரோடு சேர்வது அதற்குச் சொல்லக்கூடிய நல்ல காரணம். எழுத்தில் கேளுங்கள். ஆனால் எழுத்தில் பதில் வராமல் புறப்பட வேண்டாம்.

புறப்படுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியது, காசை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் உரிமைக்குச் சான்றான பி.டி. யு2 என்ற படிவம். அதற்கும் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது. அதில் உங்கள் கண் போக வேண்டிய இடம் திகதிகள். எந்த நாளிலிருந்து நீங்கள் ஜேர்மன் அலுவலகத்தின் கையை விட்டீர்கள், எந்த நாளுக்குள் சுவிஸில் பதிய வேண்டும், எந்த நாள் வரை காசு என்று அதில் இருக்கும். பதிவதற்கு ஏழு நாள்தான் அவகாசம். அதற்குள் சூரிச்சில் ராவ் எனப்படும் வேலைவாய்ப்பு நிலையத்தில் பதிந்தால் புறப்பட்ட நாளிலிருந்தே காசு வரும். பிந்தினால் பதிந்த நாளிலிருந்துதான். போன கையோடு விருந்துக்கும் வீடு அடுக்குவதற்கும் ஒரு கிழமை போய்விடும், அதனால் முதலில் ராவ். அங்கே மாதாமாதம் எத்தனை விண்ணப்பம் என்று கேட்பார்கள், அவர்களுடைய கட்டுப்பாட்டுக்கு நீங்கள் அடங்க வேண்டும். "இப்போதைக்கு வீட்டில் இருக்கப் போகிறேன்" என்று அங்கே வாய் தவறியும் சொன்னால் காசு நிற்கும். உண்மையிலேயே வேலை தேடுகிறவருக்கான பணம் இது, நீங்கள் அப்படித் தேடப் போகிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

காசை ஜேர்மன் அலுவலகமே யூரோவில் போடும். பிள்ளை இல்லாததால் சட்டம் கணக்கிடும் நிகர ஊதியத்தில் 60 வீதம். சூரிச் விலைவாசிக்காக ஒரு சதம் கூடாது.

எவ்வளவு காலம் என்றால் மூன்று மாதம். ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம், அது அலுவலகத்தின் விருப்பம். நெதர்லாந்திலிருந்து சுவிஸ் போன ஒருவர் நீட்டிப்பு மறுக்கப்பட்டு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனார். 2018 மார்ச் 21 அன்று, சி-551/16 வழக்கில், நீட்டிப்பை மறுக்க நாடுகளுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பாயிற்று. ஆகவே இரண்டு மாதம் முடிந்ததுமே, எத்தனை விண்ணப்பம் போட்டீர்கள், எத்தனை நேர்முகம் நடந்தது, இன்னும் எது பதிலுக்குக் காத்திருக்கிறது என்று காட்டி நீட்டிப்புக் கேளுங்கள். காலம் முடிந்து நீங்கள் ஜேர்மனிக்குத் திரும்பாவிட்டால் மிச்சக் காலத்தின் உரித்து போய்விடும். திரும்பி வரும் எண்ணம் உங்களுக்கு இல்லை என்பதால் கையில் வரக்கூடியது இந்த மூன்று முதல் ஆறு மாதம்தான். இதற்குள் 12 வாரத் தடைக்காலம் புகுந்தால் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். அந்தக் கேள்வித்தாளைப் பற்றி அவ்வளவு எழுதியது அதனால்தான்.

கூடவே பி.டி. யு1 என்ற படிவத்தையும் கேட்டு வாங்குங்கள். ஜேர்மனியில் கட்டிய காலத்துக்கான சான்று அது. சுவிஸில் வேலை கிடைத்து, சில மாதத்தில் அது போய்விட்டால், அங்கே வேலையில்லாக் காசு கேட்க இரண்டு வருடத்துக்குள் 12 மாதம் கட்டியிருக்க வேண்டும். குறையும் மாதங்களுக்கு ஜேர்மன் காலத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். காசைக் கணக்கிடுவது சுவிஸ் சம்பளத்தை வைத்து.

மருத்துவத்துக்கு, காசு வரும் வரை ஜேர்மன் காப்புறுதி தொடரும். ஐரோப்பிய மருத்துவ அட்டையையும் காப்புறுதி நிறுவனத்தின் சான்றையும் கொண்டுபோங்கள். காசு நின்றவுடன் சுவிஸ் காப்புறுதிக்கு மாறுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் சில வரி. கணவரோ மனைவியோ பிரான்ஸ், இத்தாலி, நோர்வே போன்ற நாடுகளில் என்றால் ஒன்றிய நாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு மேலே சொன்ன பாதையே. இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டோடு ஜேர்மனியில் சட்டப்படி இருப்பவருக்கு 1231/2010 ஒழுங்குவிதி இந்த வசதியைத் தருகிறது, ஆனால் டென்மார்க், நோர்வே, சுவிஸ் போவதற்கு அது உதவாது. அகதி அந்தஸ்து உள்ளவர்கள் தங்கள் பத்திரத்தோடு தனியாக ஆலோசனை கேளுங்கள். லண்டன் போகிறவர்களுக்கு பிரெக்ஸிற்றுக்குப் பின் வந்த உடன்படிக்கையில் வேலையில்லாக் காசைக் கொண்டுபோகும் ஏற்பாடு இல்லை, பழைய உரிமை காக்கப்பட்ட சிலர்தான் விலக்கு. கனடாவுக்கும் இந்த வழி இல்லை. ஜேர்மன் அடிப்படை உதவிப் பணம் எந்த நாட்டுக்கும் கூட வராது.

தடைக்காலம் விதித்தோ, யு2 மறுத்தோ கடிதம் வந்தால் ஒரு மாதத்துக்குள் ஆட்சேபனை எழுதுங்கள். "இந்த முடிவை ஆட்சேபிக்கிறேன், காரணங்களைப் பின்னர் தருகிறேன்" என்ற ஒரு வரியும் உங்கள் கையெழுத்தும் காலக்கெடுவைக் காப்பாற்றப் போதும். அதுவும் மறுக்கப்பட்டால் இன்னொரு மாதத்துக்குள் சமூக நீதிமன்றம் போகலாம், அங்கே உங்களுக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது. கடிதம் வந்த உறையைத் திகதியோடு எடுத்து வையுங்கள். சூரிச் முகவரிக்குப் போய்ச் சேர வேண்டிய கடிதம் டோர்ட்முண்டில் அம்மாவின் மேசையில் கிடந்து காலம் கடந்துவிடாமல், முகவரி மாறிய அன்றே அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.