நகரக் கடற்கரைக்குப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

பதினாறு வருடம் கடற்கரையில் உயிர்காப்பாளராக நின்றவன். அலை, மணல், தண்ணீர் இந்த மூன்றைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். தங்கும் விடுதி சிபாரிசு என்னிடம் கிடைக்காது.

வாணி: குடும்பத்தோடு முதல்முறையாகப் போகிறோம் சார். போனதும் முதலில் எதைப் பார்க்கணும்?

கடலைத்தான். ஆனால் இறங்காமல், கரையில் உட்கார்ந்து பத்து நிமிடம் பாருங்கள். மேடான இடமாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும். நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்து, சாதுவாகக் கிடக்கும். குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் நேராக அந்த இடத்துக்குத்தான் போவார்கள். எத்தனை பேரை அங்கிருந்து விசில் ஊதித் திருப்பியிருக்கிறேன்! அதுதான் ரிப் கரண்ட். கரையில் வந்து குவிந்த அலைநீர் திரும்பிப் போகிற வாய்க்கால்.

அது ஆளை அடியில் இழுத்து அமுக்காது. மேலாகவே கடலுக்குள் கொண்டுபோகும். விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் வேகம் அளந்திருக்கிறார்கள். ஒலிம்பிக் வீரரே எதிர்த்து நீந்தினால் நின்ற இடத்தில்தான் நிற்பார். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து முண்டாதீர்கள். மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கிக் காட்டுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, அலை உடைகிற பக்கம் நகருங்கள். அந்த அலையே கரைக்குத் தள்ளிவிடும்.

கொடியையும் பாருங்கள். பாதி சிவப்பு, பாதி மஞ்சளாக இரண்டு கொடி நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவில் மட்டும் குளிக்கலாம். இரட்டைச் சிவப்பு என்றால் கால்கூட நனைக்கக் கூடாது. ஊதா என்றால் ஜெல்லிமீன் மாதிரிக் கொட்டுகிறது ஏதோ வந்திருக்கிறது.

குமரன்: எனக்கு நன்றாக நீச்சல் தெரியும் அண்ணா. கொடிக்கு வெளியே போகலாமா?

வேண்டாம் தம்பி. 1938 பிப்ரவரி 6, சிட்னியின் போண்டை கடற்கரை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், கடலுக்குள் மணல் திட்டில் நூற்றுக்கணக்கானவர்கள் நின்றிருந்தார்கள். அடுத்தடுத்து வந்த பெரிய அலைகள் அவர்களை அப்படியே வாரிக்கொண்டு போயின. சுமார் 250 பேரை மீட்டார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். உயிர்காப்பாளர்கள் கூட்டமாகக் கரையில் இருந்ததால்தான் ஐந்தோடு நின்றது. அந்த நாளில் நீச்சல் தெரிந்தவர், தெரியாதவர் என்று கடல் பிரித்துப் பார்க்கவில்லை.

செழியன்: இந்தப் பிரபல நகரக் கடற்கரை எல்லாமே லாரியில் கொட்டிய மணல். இதைப் போய் இயற்கை அழகு என்கிறார்கள். ஏமாற்று வேலை.

கேள்வி இல்லை, ஆனாலும் விட மனசில்லை. பாதி சரி. பார்சிலோனாவின் கடலோரம் 1992 ஒலிம்பிக்குக்காக ஏறக்குறைய புதிதாகவே செய்தது. அதற்கு முன் பெரும்பகுதி தொழிற்சாலையும் ரயில் பாதையும்தான். ஹவாயின் வைகிகியில் 2012-இல் கடலடி மணலை உறிஞ்சிக் கரையில் போட்டார்கள். ரியோவின் கோபகபானாவையும் மணல் போட்டுத்தான் அகலப்படுத்தினார்கள். ஆனால் ஏமாற்று என்று ஏன் சொல்ல வேண்டும்? கரை மணல் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பது. ஒரு பக்கம் வரும், மறுபக்கம் போகும். வருகிற மணலை நாம் மறித்துவிட்டால் கையால் போட வேண்டியதாகிறது.

மாலதி: அப்போது மெரினாவும் போட்டதுதானா?

யாரும் கொட்டவில்லை அம்மா. அங்கே மணல் வருடத்தில் சில மாதம் தெற்கே போனாலும், கூட்டிக்கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் குறுக்கே வந்தது. தெற்கில் மணல் தேங்கி மெரினா அகன்றது. வடக்கில் ராயபுரம் பக்கம் கடல் அரித்துக்கொண்டே போனது. ஒரே சுவர்தான்.

செழியன்: பார்த்தீர்களா, சுவர் கட்டியதுதான் தப்பு!

நான் சுவருக்கு வக்கீல் இல்லை செழியன். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். மணலைப் பிடித்து நிறுத்தக் கடலுக்குள் கல் அடுக்கிச் சுவர் நீட்டுவார்கள். கரையோரமாக ஓடி வருகிற தண்ணீர் அதில் முட்டி, சுவரை ஒட்டியே கடலுக்குள் திரும்பும். திறந்த கரையில் ரிப் கரண்ட் இடம் மாறும். கல்சுவர் ஓரத்திலோ அதற்கு நிரந்தர முகவரி. நிழலாக இருக்கிறது, பிடிக்கக் கல் இருக்கிறது என்று பிள்ளைகளை அங்கே இறக்கிவிடுகிறார்கள் பாருங்கள், அப்போதுதான் எனக்கு வயிறு கலங்கும்.

ரேவதி: மழை விட்டதும் குளிக்கலாமா?

பெருமழை என்றால் குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் பொறுங்கள். ஊரைக் கழுவிய தண்ணீர் மழைநீர்க் கால்வாய் வழியாகக் கடலுக்குத்தான் வருகிறது. கால்வாய் வாய் எங்கே என்று பார்த்துத் தள்ளியே இருங்கள்.

பிரபு: எனக்கும் நீச்சல் தெரியும், கொஞ்சம் ஆழம்...

குமரனுக்குச் சொன்னதுதான்.

நித்யா: பிள்ளைகள் மணலில்தானே விளையாடப் போகிறார்கள், அதில் ஆபத்து இல்லையே?

வீடு கட்டட்டும், கோட்டை கட்டட்டும். பள்ளம் மட்டும் இருப்பதிலேயே சின்னப் பிள்ளையின் முழங்காலுக்கு மேல் ஆழமாகப் போகக் கூடாது. பக்கச் சுவர் சரிந்தால் ஈர மணல் கல் மாதிரி அமுக்கும். கையால் தோண்டி எடுப்பதற்குள் நேரம் கடந்துவிடும். கிளம்பும்போது பள்ளத்தை மூடிவிட்டு வாருங்கள். இருட்டில் நடக்கிறவர் கால் உடையும்.

அருண்: காலேஜில் நீச்சல் சாம்பியன் நான். எனக்குமா கொடி?

உங்களுக்கும்தான்.

தேவி: கோபகபானாவில் சூரியன் கடலில் மறைவதைப் பார்க்க எங்கே உட்காரணும்?

அங்கே உட்கார்ந்தால் கிடைக்காது. அது கிழக்கும் தெற்குமாகப் பார்த்த கரை, மாலையில் கட்டட நிழல்தான் விழும். தென்மேற்கு முனையைத் தாண்டினால், அடுத்த கடற்கரையான இபனேமாவுக்கு முன்னால் அர்ப்போடோர் என்று ஒரு பாறை வரும். அதில் ஏறி உட்காருங்கள். அதுவும் அங்கே கோடைக்காலமான டிசம்பர், ஜனவரியில் போனால்தான் கடலில் விழும். மற்ற மாதங்களில் மலைக்குப் பின்னால் போய்விடும். பாறையின் ஈரமான பக்கம் மட்டும் இறங்காதீர்கள்.